கடல் நடந்து வரும் தூரம்

பாலைவனத்தில் பனிமூட்டம் என்றால் எங்கள் குளச்சல் பக்கத்து ஆட்கள் நம்புவதில்லை. போன லீவில் போனபோது சொன்னேன். "ஒட்டகம் குளிர்ல நடுங்குதுன்னும் சேத்துச் சொல்லு" என்று என் அத்தான் சிரித்தார். நடுங்கும். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே அவருக்கும் அவரைப் போல வீட்டில் உட்கார்ந்து சிரிப்பவர்களுக்குமாக இந்தப் பயணத்தை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது அபுதாபிக்கு மேற்கே மதீனத் சாயித் என்னும் ஊரில், ஒரு சிறிய கிளினிக்கில் நர்ஸாக. இங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் கடல். தெற்கே போனால் லிவாவின் மணல் மலைகள். அதற்கும் தெற்கே யாரும் இல்லை. ஜனவரி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, விடிகாலை ஐந்தே கால் மணிக்கு, இந்த ஊரிலிருந்து துபாய் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ இருநூற்று எண்பது கிலோமீட்டர். சாலை ஒழுங்காக இருந்தால் மூன்று மணி நேரம். காருக்குப் போக வர ஐந்நூறு திர்ஹம். ஓட்டியவர் பெஷாவர்க்காரரான குல் சமான். எங்கள் கிளினிக்கில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவோம். வேகமாக ஓட்டமாட்டார், அதிகம் பேசமாட்டார்.

பின் இருக்கையில் என்னோடு இருந்தவள் சிவமலர். யாழ்ப்பாணத்து நெல்லியடிக்காரி. இங்கே ஓர் அரபு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்கு ஊசி போட அழைத்து வந்து பழக்கம். என்னை "மிஸ்ஸி" என்பாள். அவர்கள் ஊரில் நர்ஸுக்கு அதுதான் மரியாதை. திங்கட்கிழமை ஊரில் அவளுடைய அம்மா இறந்துபோனார். சிவமலரால் போக முடியவில்லை. விசா ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி வர வழியில்லை. கொள்ளி வைக்க அவளுடைய அண்ணன் தவம் கனடாவிலிருந்து போய்க்கொண்டிருந்தார். துபாய் வழியாகப் போகிறார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துப் பதினேழு வருடம் ஆகிறது. அவர் துபாயில் விமானம் மாறும் அந்தச் சில மணி நேரம்தான் சிவமலருக்குக் கிடைக்கக்கூடியது. அவளுடைய மேடம், "சிஸ்டர் கூட வந்தால் விடுகிறேன், சூரியன் மறையும் மக்ரிப் தொழுகைக்குள் வீட்டில் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நான் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தேன். பெரிய தியாகம் ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்தபிறகு வராமல் இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

உண்மையில் தவம் புதன்கிழமை மாலையே வந்திருக்க வேண்டும். ஓர் ஏரி அதைக் கெடுத்தது. காரில் ஏறியதும் சிவமலர் அண்ணன் அனுப்பிய குரல் பதிவை மறுபடியும் போட்டாள். எத்தனையாவது தடவையோ.

"மலர், ஒண்டும் யோசியாத. எயார்போர்ட்டுக்கு வந்திட்டன். எங்கட பாரி ரவுணில முழங்காலளவு ஸ்னோ. கொஞ்சத் தூரம் ஓடினாப் பிறகு றோட்டு காஞ்சுபோய்க் கிடக்கு, வெயில் எறிக்குது. ஏரியால வாற ஸ்னோ உப்பிடித்தான். ஒரு தெருவில கொட்டும், அடுத்த தெருவில ஒண்டுமிராது. எயார்போர்ட் வரைக்கும் வராது எண்டு ரீவீயில சொன்னவங்கள். ஆனா அது எனக்குப் பின்னாலயே வந்திட்டுது. இப்ப கண்ணாடிக்கு வெளியில பிளேன் தெரியேல்லை."

"எனக்குப் பின்னாலயே வந்திட்டுது" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். எனக்கு அது சிரிப்பாக இல்லை. அந்த வெண்பனி ஏரிக்கரையோடு நிற்காமல், நூறு கிலோமீட்டர் தரையில் நடந்து வந்து, அம்மாவுக்குக் கொள்ளி வைக்கப் போகிறவனின் விமானத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. குளிர்காற்று, உறையாத ஏரியைக் கடக்கும்போது தண்ணீரின் சூட்டையும் ஈரத்தையும் வாரிக்கொள்ளுமாம். கரைக்கு வந்ததும் அதை வெண்பனியாகக் கொட்டும். ஒரு நாடாவைப் போல ஒடுக்கமாகக் கொட்டும். வரும் என்று சொல்ல முடியும். எந்தத் தெருவுக்கு வரும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் தவம் முன்பே அவளுக்குச் சொல்லி, அவள் எனக்குச் சொன்னது. விமானம் இனி வியாழன் காலை எட்டரைக்கு இறங்கும். கொழும்பு விமானம் மதியத்துக்கு மேல். மறுநாள் வெள்ளிக்கிழமை பகலில் நெல்லியடியில் தகனம்.

எங்களுக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. முந்திய மாலை கைபேசியில் வரைபடம். நாங்கள் போகும் வழியில், ஹப்ஷான் பக்கம் சிவப்புத் திட்டு. "கடலோரத்திலும் உட்பகுதிகளிலும் பனிமூட்டம் ஏற்படலாம்." ஆனால் நாங்கள் கிளம்பும்போது வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. தலைக்கு மேல் நட்சத்திரங்கள். குல் சமான் கண்ணாடியைத் துடைக்காமலே ஏறினார்.

"இந்த வாரம் நாலு நாள் வார்னிங் வந்தது சிஸ்டர். மூணு நாள் வெயில்" என்றார் உருதுவில். "மாஃபி முஷ்கில். பிரச்சினை இல்லை."

இருபது கிலோமீட்டர் கூடப் போயிருக்கமாட்டோம். சாலையின் குறுக்கே ஒரு சுவர் நின்றது. பனி மெல்ல மெல்லக் கூடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இந்தப் பக்கம் நட்சத்திரம், அந்தப் பக்கம் வெள்ளை. எங்கள் விளக்கு வெளிச்சம் அதில் பட்டு எங்கள் மீதே திரும்பியது. கார் உள்ளே நுழைந்ததும் சாலையின் சத்தமே மாறிவிட்டது, காதில் பஞ்சு அடைத்தது போல. கைபேசிகள் மூன்றும் ஒரே நேரத்தில் அலறின. சிவப்பு எச்சரிக்கை, இப்போது வருகிறது! வேக வரம்பு எண்பது என்று அறிவிப்புப் பலகை அந்தரத்தில் தொங்கியது. பலகை தெரியவில்லை, எண் மட்டும் தெரிந்தது. நாங்கள் நாற்பதில்கூடப் போகவில்லை.

குல் சமான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். உள்ளே வந்த காற்றை மூக்கில் இழுத்ததும் என் உடம்பு சிலிர்த்தது. கடல் வாடை. எங்கள் கரையில் வலை உலர்த்தும் இடத்தில் அடிக்குமே, அந்த ஈர வாடை. கடல் அங்கிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால். மாலையில் கடற்காற்றாக உள்ளே வந்த ஈரம், இரவில் குளிர்ந்த மணலின் மேல் படுத்துக்கொள்கிறது. சில நாள் கரையோடு நிற்கும். சில நாள் லிவாவரை போகும். அங்கே ஏரி, இங்கே கடல். தண்ணீர் தன் கரையைத் தாண்டி நடந்து போவது என்னவோ ஒன்றுதான். எவ்வளவு தூரம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. உதட்டை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. மனப்பிரமை என்று சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

"மிஸ்ஸி, நேரத்துக்குப் போயிடுவமோ?" என்றாள் சிவமலர்.

"போவோம் பிள்ளே. சூரியன் வந்தா ஓடிரும்."

இப்படிப்பட்ட வேளைகளில் இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் டேங்கரைத் தேடிப் பிடித்து அதன் பின்னால் போவார்கள். டேங்கர்காரன் தினமும் இந்தச் சாலையில் போகிறவன், கண்ணைக் கட்டினாலும் ஓட்டுவான் என்று நம்பிக்கை. குல் சமானுக்கும் ஒரு டேங்கர் கிடைத்தது. இரண்டு சிவப்பு விளக்கு. அதைக் கண்டதும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று தோளைத் தளர்த்தினார். எங்களுக்குப் பின்னால் ஒரு பிக்கப், அதற்குப் பின்னால் தொழிலாளர் பஸ், அதற்கும் பின்னால் விளக்குகள். குருடன் குருடனுக்கு வழிகாட்டுவதைப் பற்றி வேதாகமத்தில் வாசித்திருக்கிறேன். அன்று அதில் நானே இரண்டாவது வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஒன்றும் தெரியாததால் காது கூர்மையாகிவிட்டது. எங்கிருந்தோ பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசல் வலப்பக்கமா, இடப்பக்கமா? தெரியவில்லை. அந்தக் குரல் எங்களோடு கூடவே வருவது போலிருந்தது. ஓரிடத்தில் சாலையோரம் ஒரு வண்டியின் விளக்கு டிக் டிக் என்று அணைந்து எரியும் சத்தம் கேட்டது, வண்டியைக் காணோம். சிவமலர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க ஆரோ நிக்கினம், அம்மா மாதிரிக் கிடக்கு."

"ஆரும் இல்ல. சும்மா இரு." சொல்லிவிட்டு நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். பார்க்காமலிருக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கார் குலுங்கியது. தார்ச் சாலை போய் மணலும் சரளையும் வந்தது. குல் சமான் முணுமுணுத்தார். ஆனால் சிவப்பு விளக்கை விடவில்லை. விட்டால் பின்னால் வருகிறவன் மோதுவான். கடைசியில் டேங்கர் நின்றது. நாங்களும் நின்றோம். பின்னால் வரிசையாக எல்லோரும் நின்றார்கள். டேங்கர்காரன் இறங்கி, குழாயைக் கழற்றி, நிதானமாக ஒரு தொட்டியில் தண்ணீர் விட ஆரம்பித்தான். அது ஓர் அஸ்பா, ஒட்டகப் பண்ணை. அவன் அவனுடைய வேலைக்கு வந்திருக்கிறான். நாங்கள் ஆறு வண்டி, அவன் பின்னால் ஊர்வலம்!

பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் சூடான்காரர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். எங்கள் விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கல்யாணமா?" என்று அரபியில் கேட்டார். பஸ்ஸிலிருந்த பையன்கள் சிரித்தார்கள். குல் சமான் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

ஏழு மணி தாண்டிவிட்டது. விடிந்தும் விடியாத வெளிச்சம். இருட்டு வெள்ளையாக மாறியதைத் தவிர வேறு மாற்றமில்லை. சூடான்காரர், பனி கொஞ்சம் மேலே எழும்பட்டும், பிறகு நானே சாலைவரை கொண்டுவிடுகிறேன், இப்போது போனால் மணலில் புதைவீர்கள் என்றார். வேறு வழியில்லை. கறுப்புத் தேநீர் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வேலிக்கு அப்பால் ஒட்டகங்கள் நின்றன. உடம்பு தெரியாது, கழுத்தும் தலையும் மட்டும் வெள்ளையிலிருந்து முளைத்து, மென்றுகொண்டு, எங்களைப் பார்த்தன. குளிரில் அவற்றின் தோல் நடுங்கியது, அத்தான் கவனிக்க.

எட்டு மணி தாண்டியபோது சிவமலரின் கைபேசி ஒலித்தது. விமானத்திலிருந்து அண்ணனின் செய்தி. எனக்கும் காட்டினாள். "துபாய்க்கு மேல சுத்துறம். இறங்க விடேல்லை. கீழ முழுக்க வெள்ளை. ஸ்னோ கொட்டின மாதிரியே கிடக்கு, மலர்."

அப்போது மேலே ஒரு விமானத்தின் இரைச்சல் கேட்டது. மிக உயரத்தில், மெதுவாக. அது அவருடைய விமானமாக இருக்க வழியில்லை. துபாய் எங்கோ கிழக்கே கிடக்கிறது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. சிவமலர் தேநீரைத் தரையில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நடந்தாள். நாலைந்து அடி வைத்திருப்பாள். அதற்குப் பிறகு அவள் இல்லை.

"மலரு!" என்று கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். என் குரலே எனக்குப் பின்னாலிருந்து கேட்டது. இந்த மணலில் வழி தவறினவர்களைப் பற்றிக் கிளினிக்கில் கேள்விப்படாத கதையில்லை. சூடான்காரர் வேலித் தகரத்தைக் கம்பால் தட்டத் தொடங்கினார். டங், டங், டங். நான் குல் சமானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு, அப்படியே நகர்ந்தோம். சிவமலர் வேலியின் கோடியில் ஒரு ஒட்டகத்தின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முகம் இன்னும் மேலேதான்.

"சவமே! எங்க போய்த் தொலைஞ்ச?" என்று கத்திவிட்டேன்.

எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைக்கூடச் செல்லமாக அப்படித்தான் திட்டுவோம். அன்று, அந்த வார்த்தை வாயிலிருந்து போனபிறகுதான், யாரிடம் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். நாலு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"என்னையும் சவம் எண்டிட்டியளே மிஸ்ஸி" என்றாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டேன். முக்காடு முழுக்க நனைந்திருந்தது.

எட்டரைக்கு மேல் சூடான்காரர் தம் பிக்கப்பில் முன்னால் போக, ஆறு வண்டியும் பின்னால் போய்த் தார்ச் சாலையை அடைந்தோம். ஹப்ஷானைத் தாண்டி, தரீஃபில் பெரிய சாலையில் ஏறும்வரை ஊர்ந்துதான் போனோம். பிறகு, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வெயில். நுழைந்தது போலவே வெளியே வந்தோம். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர் சாலையில் நின்றுகொண்டிருந்தது, ஒரு லாரி அதற்குள் பாதி மறைந்துகொண்டிருந்தது. அபுதாபியைச் சுற்றிக்கொண்டு போகும்போது ஈச்சமரங்களில் தூசிகூட நனையவில்லை. ஜெபல் அலியில் மறுபடியும் பனி. கிரேன்களின் உச்சி மட்டும் மேலே, கீழே ஒன்றுமில்லை. அடுத்த பாலத்தில் மறுபடியும் வெயில். குல் சமான் சாலையைப் பார்த்து ஏதோ பஷ்தோவில் திட்டினார். மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு மேல்தான் விமான நிலையத்தை அடைந்தோம். வருகைக் கூடத்தில் பலகையின் முன் கூட்டம். டொராண்டோ விமானத்துக்கு நேரே 'திருப்பிவிடப்பட்டது' என்று இருந்தது. எங்கே என்று கவுண்டரில் கேட்டேன். மஸ்கட் என்றார்கள். சொல்வதற்காக நான் திரும்பியபோதே அவளுடைய கைபேசி அடித்தது. அவள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மலர், மஸ்கட்டில இறக்கிப் போட்டாங்கள்" என்றார் தவம். பின்னால் ஒரே இரைச்சல். "இஞ்ச இருந்து நேரா கொழும்புக்கு ஒரு பிளேன் இப்ப வெளிக்கிடப் போகுது. கொழும்புக்குப் போற ஆக்களுக்கு அதில இடம் தாறாங்கள். இல்லையெண்டா, பின்னேரம் துபாய்க்குக் கொண்டுவந்து விடுவாங்களாம். அங்கயிருந்து நாளைக்குத்தான் கொழும்பு பிளேன்."

சிவமலர் கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு எண்டா, நான் வீட்டை போய்ச் சேர சனி ஆயிடும். அம்மாவை அதுவரைக்கும் வைச்சிருக்க வேணும்." அவர் நிறுத்தினார். "நான் உன்னை ஒருக்காப் பாக்க வேணும், மலர். நீ சொல்லு. நீ என்ன சொல்லுறியோ அதைச் செய்யிறன். கெதியாச் சொல்லு, கவுண்டரில நிக்கிற ஆள் கேக்கிறான்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இதைப் போய் அவளிடம் கேட்பதா? பிறகு, வேறு யாரிடம் கேட்பார் என்றும் தோன்றியது. பின்னேரம் என்றால் மக்ரிபுக்குள் அவள் திரும்ப முடியாது. அது பரவாயில்லை, மேடத்தோடு நான் சண்டை போட்டுக்கொள்கிறேன், காத்திருப்போம் என்று கையால் சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பளபளவென்று துடைத்த தரை.

"நீ போ அண்ணை" என்றாள்.

"மலர்..."

"அம்மா இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு இருந்தவ. இனியும் காக்க வைக்காத. நீ போ."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. பிறகு இணைப்பு போய்விட்டது.

எங்கள் கரையில் படகு வரத் தாமதமானால் பெண்கள் கடலைப் பார்த்து நின்று ஏசுவார்கள். வாய் வலிக்க ஏசுவார்கள். ஏசுவதற்கு முகத்துக்கு நேரே கடல் இருக்கும். இங்கே எதைப் பார்த்து ஏசுவது? கண்ணாடிக்கு வெளியே வானம் நீலமாக, ஒன்றும் அறியாதது போல இருந்தது. பனி எங்கே போயிற்று என்று அந்த நகரத்தில் ஒருவரைக் கேட்டாலும் தெரிந்திருக்காது. ஏரியும் கடலும் ஒன்றையொன்று கண்டதில்லை. இருந்தும் இரண்டும் கரையேறி வந்து, ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் நின்றுவிட்டுப் போயிருந்தன. எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு முன்னால் நான்தான் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா பிள்ளே, போவோம். ரோட்டுல எங்கயாவது சாப்பிடுவோம்" என்றேன்.

அவள் நகரவில்லை. கதவு திறந்து திறந்து மூடியது. தாமதமாக இறங்கிய விமானங்களின் ஆட்கள் தள்ளுவண்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். தடுப்புக் கம்பியின் முன்வரிசையில் ஓர் இடம் காலியானது. சிவமலர் அங்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாற ஆளைப் பாக்க எண்டுதானே மிஸ்ஸி லீவு தந்தவை" என்றாள், திரும்பாமலே. "கொஞ்ச நேரம் வாற ஆக்களைப் பாத்திட்டுப் போவம்."

நானும் அவள் பக்கத்தில் போய் நின்றேன். வெளியே வந்த ஒவ்வொரு ஆண்முகத்தையும் அவள் கவனமாகப் பார்த்தாள்.